நீராவியா, டீசலா, மாற்று வரலாறா: தனுஷ்கோடிக் கதையை எந்த வகையில் சேர்ப்பது?

உங்கள் நெடுங்கதையில் 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியைத் தொடாமல் விலகிப் போகிறது. ஊர் பிழைத்துக்கொள்கிறது. எழும்பூரில் புறப்படும் போட் மெயில் ரயில் இன்றுவரை நீராவி என்ஜினோடு பாம்பன் பாலத்தைக் கடக்கிறது. தனுஷ்கோடித் துறையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுக்குப் பதிலாகக் கரியில் ஓடும் ஆகாயக் கப்பல் போகிறது. படித்த நண்பர்களில் ஒருவர் இதை, நீராவி எந்திரங்களால் இயங்கும் உலகைக் கற்பனை செய்யும் ஸ்டீம்பங்க் என்றும், இன்னொருவர் 1964 என்று ஆண்டு வருவதால் டீசல் யுகத்து டீசல்பங்க் அல்லது அணு யுகத்து ஆட்டம்பங்க் என்றும், மூன்றாமவர் அவை எதுவுமில்லை, இது மாற்று வரலாறு என்றும் சொன்னதாக எழுதி, எது சரி, இவற்றைப் பிரித்தறிய முறை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். முதல் நண்பர் கதையின் உலகத்தை எந்த விசை இயக்குகிறது என்று பார்த்தார். இரண்டாமவர் நாட்காட்டியைப் பார்த்தார். மூன்றாமவர் நாம் அறிந்த வரலாற்றிலிருந்து கதை எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்று பார்த்தார். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் பயனுள்ள கேள்விகள். இரண்டாவதை நம் ராமநாதபுரக் கரையைப் பொறுத்தவரை தள்ளிவிடலாம் என்பேன். மூவரும் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அந்த விசை யார் கையில் இருக்கிறது, அதன் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதே அது. ‘பங்க்’ என்ற பின்னொட்டுக்குப் பொருள் ஏதும் உண்டென்றால் அது அந்த நான்காவது கேள்வியில்தான் இருக்கிறது.

நம் பேச்சில் பெட்ரோல் பங்க், பங்க் கடை என்று வருவது வேறு சொல். இங்கே வரும் பங்க், உருப்படாத இளைஞன் என்று ஆங்கிலத்தில் இழிவாகச் சொல்லப்பட்டு, 1970-களின் நடுவில் ஒரு கலக ராக் இசைக்குப் பெயரானது. அதைக் கணினியோடு சேர்த்து ‘சைபர்பங்க்’ என்று தன் சிறுகதைக்குத் தலைப்பு வைத்தவர் புரூஸ் பெத்கே. அது 1983 நவம்பரில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ வெளிவந்தபின் அந்தச் சொல் ஒரு வகையின் பெயராக நிலைத்தது. அரசாங்கங்களைவிடப் பெரிய நிறுவனங்கள், எல்லாவற்றையும் பிணைக்கும் கணினி வலை, அந்த வலைக்கு அடியில் திருடிப் பிழைக்கும் சிறு மனிதர்கள் என்று அமைந்த அக்கதைகளில் ‘சைபர்’ கருவியைச் சொன்னது, ‘பங்க்’ அக்கருவியின் கீழ் நசுங்கியும் அதையே திருப்பிப் பிடித்தும் வாழ்கிறவனைச் சொன்னது. இரண்டு பாதிக்கும் பொருள் இருந்தது.

ஸ்டீம்பங்க் அப்படிப் பிறக்கவில்லை. கே. டபிள்யூ. ஜீட்டர், டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகிய மூவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனை வைத்து விசித்திரக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வேண்டுமே என்று 1987-இல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், சைபர்பங்க் என்ற பெயரின் ஓசையை ஒட்டி, பாதி விளையாட்டாக ஜீட்டர் முன்வைத்த சொல் அது. பின்னொட்டு கலகத்தைக் குறித்து வந்ததன்று, எதுகைபோல ஒட்டிக்கொண்டது. இன்று காணும் குழப்பம் அத்தனைக்கும் ஊற்று இதுவே என்று நான் கருதுகிறேன். அதன்பின் எந்தத் தொழில்நுட்பத்தின் பெயரோடும் பங்க் என்பதைச் சேர்த்துவிடலாம் என்றாகிவிட்டது. டீசல்பங்க் என்ற சொல் 2001-இல் ஒரு கதாபாத்திர விளையாட்டை விற்பதற்காக உண்டாக்கப்பட்டது. கடிகாரப் பற்சக்கரங்களின் உலகத்துக்குக் கிளாக்பங்க், கற்காலத்துக்கு ஸ்டோன்பங்க், மரபணுவுக்குப் பயோபங்க் என்று வரிசை நீண்டது. ஹோப்பங்க் என்று 2017-இல் வந்த பெயரில் கருவியே கிடையாது. மனம் தளராமல் அறத்தின் பக்கம் நிற்கும் மனநிலையைத்தான் அது குறிக்கிறது. ஒரே பின்னொட்டு ஓரிடத்தில் விசையையும், ஓரிடத்தில் காலத்தையும், ஓரிடத்தில் மனநிலையையும் சுட்டுவதால் இவற்றை ஒரே பட்டியலில் அடுக்கிக் கோடு போட முயல்வது வீண்வேலை. கிளாக்பங்கும் ஸ்டோன்பங்கும் நம் பேச்சுக்கு அவசியமில்லை, விட்டுவிடுகிறேன்.

இனி ரெட்ரோஃப்யூச்சரிசம். இதைத் தமிழில் ‘பழைய எதிர்காலம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ‘கடந்தகால எதிர்காலவியல்’ என்பதைவிடக் காதுக்கு இதமாக இருக்கிறது. முன்னோர் கனவு கண்டும் வந்துசேராமல் போன எதிர்காலத்தை இன்றைய எழுத்தாளர் திரும்பிப் பார்த்து எழுதுவது அது. திரும்பிப் பார்ப்பது அதன் உயிர்நிலை. இதை மறந்துவிடுவதால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னை ஸ்டீம்பங்க் எழுத்தாளர் என்று சொல்லிவிடுகிறார்கள். 1869-இல் நூலாக வரத் தொடங்கிய அவரது கடலடி நாவலில் வரும் நாட்டிலஸ் அன்றைக்கு நேர்முகமான எதிர்காலம். பழையது எதுவும் அதில் இல்லை. மேலும், அந்த நீர்மூழ்கி ஓடுவது மின்சாரத்தில். நீராவியைக் கடந்துவிட்டதுதான் அதன் தலைவர் கேப்டன் நீமோவின் பெருமை. பித்தளைக் குழாயும் திருகாணியும் படங்களில் நிறைந்திருப்பதைப் பார்த்து நாம் அதை நீராவியோடு சேர்த்துவிட்டோம்.

அந்த நாவலை நம் கரைக்காரர்கள் படிக்கவேண்டிய காரணம் வேறொன்று உண்டு. நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. இலங்கைப் பக்கத்து முத்துப் பாரில், கல்லைக் காலால் பற்றி மூழ்கும் ஏழை இந்தியர் ஒருவரைச் சுறா தாக்க, நீமோ குறுவாளோடு பாய்ந்து அவரைக் காத்து, ஒரு பை முத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த மனிதன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், நானும் அந்த நாட்டவனே என்ற பொருளில் பின்னர் பேசுகிறார். நீமோ புந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் தக்கார் என்பது பின்னாளில் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் வெளியாகிறது. முத்தும் சங்கும் குளித்தவர்களின் மூச்சை விலைபேசிய பேரரசை எதிர்த்து, அதைவிட மேலான கருவியை ஒருவன் தன் கையில் எடுப்பது ஸ்டீம்பங்க் என்ற சொல் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நீராவியும் இல்லை, பழமையும் இல்லை. நான் சொன்ன நான்காவது கேள்வி மட்டும் முழுமையாக இருக்கிறது. பங்க் என்ற தன்மையையும் பழைய எதிர்காலம் என்ற தன்மையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்று அதிகாரத்தைப் பற்றியது, மற்றது காலத்தைப் பற்றியது. ஒரு கதையில் இரண்டும் சேர்ந்திருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம்.

அடுத்து உங்கள் இரண்டாம் நண்பரின் நாட்காட்டி. வழக்கமான பகுப்பில் நீராவிக்கு விக்டோரியா காலம், டீசலுக்கு இரண்டு உலகப் போர்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளையும் ஒட்டிய காலம், அணுவுக்கு 1945-க்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டு, அதன் பிறகு ஒலிநாடாவும் குமிழ்த்திரைக் கணினியும் கொண்ட கேசட் ஃப்யூச்சரிசம் என்று வகுக்கிறார்கள். லண்டனையும் நியூயார்க்கையும் வைத்துப் போட்ட கணக்கு இது. நம் கரையில் இது ஒருநாளும் பொருந்தியதில்லை. 1963 நவம்பர் 21 அன்று கேரளக் கரையிலுள்ள தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அந்தக் குழுவில் ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் இருந்தார். பதின்மூன்று மாதம் கழித்துப் புயலலை இழுத்துக்கொண்டுபோன பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரோ நீராவி ரயில். அந்த ரயில் போன பாதைக்கு இருபுறமும் அந்தக் காலத்தில் கடலில் பாய்மரம் கட்டிய படகுகளும் ஓடின. ராக்கெட், நீராவி, பாய்மரம் மூன்றும் ஒரே காலத்தில் ஒரே கரையோரத்து மனிதர்களின் வாழ்க்கையில் இருந்தன. சித்தரஞ்சன் ஆலை நீராவி என்ஜின் கட்டுவதை நிறுத்தியது 1972-இல்தான். கட்டியவை 1990-கள் வரை நாட்டில் ஓடின. ஆகையால் 1964 என்ற எண்ணைப் பார்த்து ஆட்டம்பங்க் என்பது, அமெரிக்காவின் காலக்கணக்கைத் தனுஷ்கோடி மணலில் வைத்து அளப்பதாகும். கதையின் உலகம் எந்த விசையில் மூச்சுவிடுகிறது என்பதைப் பாருங்கள், ஆண்டைப் பார்க்காதீர்கள்.

அதைக் கண்டறிய நான் வைத்திருக்கும் சோதனை எளியது. அந்த விசையைக் கதையிலிருந்து பிடுங்கிவிட்டால் என்ன விழுகிறது என்று பார்ப்பேன். உங்கள் கதையில் நீராவியை எடுத்துவிட்டு மின்சார ரயிலை வைத்தால் கதை நிற்குமா? இரண்டாம் அத்தியாயத்தில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வண்டி மண்டபத்தில் நின்றுவிடுவதும், நல்ல தண்ணீருக்கு என்ஜினும் ஊரும் போட்டியிடுவதும் நீராவி இல்லாமல் நடக்காது. ராமநாதபுரத்தில் தண்ணீரை ஆவியாக்கி ஓடும் நாகரிகம் என்பதே பெரிய கதைப்பொருள். அந்த இடத்தில் நீங்கள் ஸ்டீம்பங்கின் உள்ளே நிற்கிறீர்கள். இதற்கு மாறாக, கண்காணிப்பாளர் அணிந்திருக்கும் பித்தளைக் கண்ணாடியும் சங்கிலிக் கடிகாரமும் எடுத்துவிட்டாலும் எதுவும் விழாது. அவை அலங்காரம். அலங்காரத்தை மட்டும் கொண்ட கதைகளுக்குப் பழைய எதிர்காலப் பாணி என்ற பெயரே போதும்.

ஆகாயக் கப்பலும் சோதனையில் தேறுகிறது. ஒரு திருத்தம் மட்டும் தேவை. நீராவியால் ஓடும் ஆகாயக் கப்பல் உண்மையிலேயே பறந்திருக்கிறது. 1852 செப்டம்பர் 24 அன்று பாரிசிலிருந்து ஹென்றி ஜிஃபார் மூன்று குதிரைத்திறன் என்ஜினோடு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் போனார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள தொலைவும் கிட்டத்தட்ட அந்த அளவே. ஆனால் எதிர்காற்றை வென்று புறப்பட்ட இடத்துக்கு அவரால் திரும்ப முடியவில்லை. உங்கள் கப்பலோ ஆண்டு முழுவதும் நேரம் தவறாமல் போய்வருகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் வாடைக் காற்று அடிக்கும் மாதங்களிலும் இந்தக் கரையில் நாட்டுப்படகே கணக்குப் பார்த்துத்தான் கடலில் இறங்கும். காற்றுக்குத் தகுந்தபடி கப்பல் ஒரு பக்கம் மட்டும் போகும், திரும்பி வரப் பருவம் மாறக் காத்திருக்கவேண்டும் என்று வைத்துப் பாருங்கள். அந்த எந்திரத்தின் குறையிலிருந்தே பிரிவும் காத்திருப்பும் கதைக்குள் தாமாக வரும். நல்ல ஸ்டீம்பங்க் எந்திரத்தின் பலத்தைவிட அதன் பலவீனத்தில் உயிர்பெறுகிறது என்பது என் அனுபவம்.

நான் பாம்பனில் வளர்ந்தவன். பழைய ரயில்பாலத்தின் நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பாலம் திறப்பதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியிருக்கிறேன். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தின் நடுக்கண்ணை ஆட்கள் இருபுறமும் நின்று நெம்புகோல்களைத் தள்ளித்தான் திறப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரும்பு இறக்கை தானாக விரிவதுபோல் இருக்கும். அருகே போனால் வியர்வை தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையால் கிடைமட்டமாகவே மேலே ஏறுகிறது, அதுவும் அழகுதான். ஆனால் பழைய பாலத்தின் படத்தை அட்டையில் போட்டுவிட்டு நெம்புகோல் தள்ளியவரைக் கதையில் விட்டுவிடுவது ஸ்டீம்பங்க் எழுதும் பலர் செய்யும் பிழை. பேரரசின் பளபளப்பை எடுத்துக்கொண்டு பேரரசு யார் முதுகில் நின்றது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

போட் மெயிலைப் பற்றிய கதையில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். அந்த ரயிலும் கப்பலும் துரைமார்களையும் வணிகர்களையும் மட்டும் ஏற்றிப் போகவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களும் அவ்வழியே போனார்கள். தொற்றுநோய் பரவாமல் இருக்க அவர்களை முதலில் தங்கவைத்துச் சோதித்த முகாம்தான் மண்டபம் கேம்ப். பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கும் முகாமானது. உங்கள் கதையில் தனுஷ்கோடி அழியவில்லை, கப்பல்வழி மூடவில்லை. அப்படியானால் அந்த முகாம் என்னவாயிற்று? ஆகாயக் கப்பலில் ஏறுகிறவர்களில் யாரை மண்டபத்தில் இறக்கிச் சோதிக்கிறார்கள், யாரைச் சோதிக்காமல் விடுகிறார்கள்? இப்போதுள்ள பிரதியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. இந்தக் கேள்வி கதைக்குள் வந்துவிட்டால் ‘பங்க்’ என்ற பாதிக்கும் உரிமை கிடைக்கும்; வராவிட்டால் நீராவி மட்டும் இருக்கும்.

டீசலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். டீசல்பங்க் என்றால் உலகப் போர்க் காலத்து விமானங்களும் சர்வாதிகாரிகளும் நினைவுக்கு வருவது மேற்கில் இயல்பு. இந்தக் கரையில் டீசல் என்ற சொல்லுக்கு வேறு எடை. விசைப்படகு வந்தது, மடிவலை ஆழம் போனது, வத்தை, வள்ளம் என்ற நாட்டுப்படகுகள் ஒதுங்கின, 1974-லும் 1976-லும் கடலில் இந்திய–இலங்கை எல்லைக் கோடு விழுந்தது. இவை அனைத்தும் டீசலின் வரலாறுதான். யாராவது ராமநாதபுரத்து டீசல்பங்க் எழுதுவதாக இருந்தால் அது 1930-களின் பெர்லினைப் போல இருக்கவேண்டியதில்லை, ராமேசுவரம் துறைமுகத்தைப் போல இருக்கவேண்டும். உங்கள் கதை அதுவன்று. கேசட் ஃப்யூச்சரிசத்துக்கும் இங்கே நல்ல மண் இருக்கிறது. இலங்கை வானொலி சென்னை நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்ட வீடுகளும், வளைகுடா நாட்டிலிருந்து கணவர் பேசி அனுப்பிய ஒலிநாடாவைக் கடிதமாகக் கேட்ட கீழக்கரைத் தெருக்களும் அந்த வகைக்காகவே காத்திருக்கின்றன.

சோலார்பங்க் உங்கள் கதைக்கு வெளியே நின்றாலும், பகுப்பைத் தெளிவாக்க உதவுவதால் சொல்கிறேன். அது பின்னோக்கிப் பார்ப்பதில்லை, வரப்போகும் நாளைக் கனவு காண்கிறது. எனவே பங்க் பின்னொட்டு இருந்தும் பழைய எதிர்காலத்தில் சேராது. அதன் முன்னோடிகளுள் நான் முதலில் வைப்பது வங்க எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’. 1905-இல் அது அச்சானது நம் சென்னையில், ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். சூரிய வெப்பத்தைச் சேமித்தும் மேகத்திலிருந்து நீரை இறக்கியும் பெண்கள் நாடாள, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரியத் தகடு இருந்தால் சோலார்பங்க் ஆகிவிடும் என்பவர்களுக்குக் கமுதியைக் காட்டுவேன். 2016-இல் அங்கே 648 மெகாவாட் மின்நிலையம் வந்தது. திறக்கப்பட்டபோது உலகின் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. அந்தத் தகடுகளுக்கு நடுவே நடக்கும் கதை, வெளிச்சத்தின் உடைமை யாருடையது என்று கேட்கும் விதத்தைப் பொறுத்து சோலார்பங்காகவும் வரலாம், சைபர்பங்காகவும் வரலாம். கருவி ஒன்றே, வகை இரண்டு.

பொருளால் பெயர்பெற்ற சில்க்பங்கையும் நீங்கள் கவனிக்கலாம். எழுத்தாளர் கென் லியு தன் 2015 நாவலின் வகைக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது, மூங்கில், பட்டு, காகிதம், இறகு, நரம்பு என்று கிழக்காசிய மரபில் கைக்குக் கிடைத்த பொருள்களிலிருந்தே எந்திரங்களைக் கட்டினார். பட்டாடை உடுத்தியதால் வந்த பெயரன்று. இதைக் கேட்டதும் பனைபங்க் என்று ஒரு பெயர் உண்டாக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. பனையின் நாரும் வயிரமும் ஓலையும் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதிலிருந்து ஓர் உலகம் எழுந்து நின்றால் அந்தப் பெயருக்கு இடமுண்டு. பெயரை முதலில் வைத்துக்கொண்டு உலகத்தைத் தேடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இவற்றை வைத்து உங்கள் கதைக்கு என் முடிவைச் சொல்கிறேன். அடித்தளம் மாற்று வரலாறு. 1964 டிசம்பர் 22 இரவு கிளை பிரியும் புள்ளி. மூன்றாம் நண்பர் அதில் சரி, ஆனால் அதோடு நிறுத்தியது போதாது. கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990-இல் சேர்ந்து எழுதிய ‘டிஃபரன்ஸ் என்ஜின்’, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்தைக் கட்டி முடித்துவிட்டதாக வைத்து, மாற்று வரலாறாகவும் ஸ்டீம்பங்காகவும் ஒருங்கே நிற்கிறது. ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்ற விதி கிடையாது. விசை நீராவி, தண்ணீர்ச் சண்டையும் ஆகாயக் கப்பலும் அதை உறுதிசெய்கின்றன. காலநோக்கு பழைய எதிர்காலம். பங்க் என்ற பாதி இன்னும் நிறைவேறவில்லை. இப்படியே வெளியிடுவதானால் தலைப்பின் கீழ் ‘மாற்று வரலாற்று நெடுங்கதை’ என்று போடுங்கள். மண்டபம் முகாமைச் சேர்த்துத் திருத்தினால் ஸ்டீம்பங்க் என்று தயங்காமல் போடலாம்.

திருத்தும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஆகாயக் கப்பலின் கொதிகலனுக்குக் கரி எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, நாள்கணக்கில் புகையருகே காத்திருந்து கரி எடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் புறப்படத் தாமதமாகும் இடத்தில், முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து அந்தக் கரிமூட்டை ஏற்றி வந்தவர் ஒருவர் துறையில் நின்று பேச நல்ல இடைவெளி இருக்கிறது.